கூண்டுக்குக் கீழே கூடும் வெளிமீன்: தீனியையும் கழிவையும் கணக்கிடுவது எப்படி

மண்டபம், ஓலைக்குடா பக்கம் மிதவைக் கூண்டில் கடல் விரா (கோபியா மீன்) வளர்ப்பவர்கள் கீழே மூழ்கிப் பார்த்துவிட்டு, "தரை சுத்தமா இருக்கு, தீனி வீணாகல" என்று சொல்வதுண்டு. அந்த முடிவு பெரும்பாலும் தவறு. தீனியாகப் போட்டு வலைக்கண் வழியாக நழுவும் சாளைத் துண்டு தரையைத் தொடுமுன்பே வெளியில் திரியும் பாறை மீனும் கெளுத்தியும் அதைப் பிடித்துவிடும். மலத்தையும் தூளையும் மடவை விடாது. வலையில் படரும் பாசியை ஓரா மீன் மேயும். தரை சுத்தமாக இருப்பது இந்த வெளிமீன்களின் வேலை. அதனால் இரண்டு காரியம் கட்டாயம்: கூண்டைச் சுற்றி யாரும் தூண்டிலோ வலையோ போடக்கூடாது. தீனி போதுமா, அதிகமா என்பதைத் தரையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

தீனியைக் கூண்டுக்குள் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சாளையை மீனின் வாய்க்கு ஏற்ற துண்டாக வெட்டுங்கள். கூழாக அரைத்தால் பாதி வலைக்கு வெளியே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக வீசி, ஒவ்வொரு பிடியும் மேலிருந்து 2 மீட்டருக்குள் தீர்கிறதா என்று பாருங்கள். துண்டுகள் அதற்குக் கீழே இறங்கினால் அந்த வேளைக்கு அத்தோடு போதும். வலைக்கு வெளியே தண்ணீர் கொதிப்பதுபோல் வெளிமீன் துள்ளினால், உங்கள் சாளை அவற்றின் வயிற்றுக்குப் போகிறது என்று பொருள். ஒரு கிலோ கடல் விரா வளர ஆறேழு கிலோ சாளை ஆகிற தொழிலில் இது சின்ன இழப்பில்லை.

வெளிமீன் எவ்வளவு தின்கிறது என்று அளக்க 4 அங்குல பிவிசி குழாய் போதும். 50 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு வெட்டி, அடியை மூடி, ஈயக்குண்டு கட்டுங்கள். இரண்டை வலையின் அடியிலிருந்து அரை மீட்டர் கீழேயும், இரண்டைத் தரைக்கு ஒரு மீட்டர் மேலேயும் வாய் மேல்நோக்கி இருக்கத் தொங்கவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் விட்டால் உள்ளே அழுகி எடை குறைந்துவிடும். சேர்ந்ததைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்தி எடை போடுங்கள். குழாயின் உள்விட்டம் 10 செ.மீ. என்றால், கிராமை 127ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கணக்கு வரும். மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் இடையில் தின்னப்பட்டது.

நீரோட்டம் இருந்தால் இந்தக் கணக்கு பிசகும். பாதி நீர் நிரப்பிய பாட்டிலை மிதக்கவிட்டு 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 100 நொடி என்றால் நொடிக்கு 10 செ.மீ. ஓட்டம். மலம் நொடிக்கு 3 செ.மீ. இறங்குவதாக வைத்துக்கொண்டால், வலைக்குக் கீழே 3 மீட்டர் ஆழத்தில் அது 10 மீட்டர் தள்ளித்தான் விழும். ஆகவே ஓட்டம் தணிந்த நாளில் அளப்பதே நல்லது.

வெளிமீன் கழிவை ஒழிப்பதில்லை, தின்று வேறிடத்தில் பரப்புகிறது. அதற்கும் எல்லை உண்டு. மாதம் ஒருமுறை 2 அங்குலக் குழாயைத் தரையில் ஒரு முழம் குத்தி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து எடுங்கள். மேல்மண் பழுப்பாக இருந்தால் சரி. கருப்பு மேல்வரை ஏறி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தீனி மிஞ்சுகிறது, அல்லது வெளிமீன் போய்விட்டது. கடல் தாழை (கடற்புல்) முளைத்த இடத்துக்கு மேலே கூண்டு கட்டவே கூடாது.

வெளிமீனால் கெடுதலும் உண்டு. செத்த மீன் வலையடியில் கிடந்தால் பேத்தை மீன் வெளியிலிருந்து கடித்து ஓட்டை போடும், அதன் வழியே கூண்டு மீன் தப்பும். தினமும் செத்ததை எடுத்துக் கரைக்குக் கொண்டு வாருங்கள். கடலில் வீசினால் கூட்டம் இன்னும் கூடும். தோல் ஒட்டுண்ணியும் இரு பக்கமும் பரவும். மீன் வலையில் உடம்பைத் தேய்த்தால், காற்று செலுத்திய நன்னீரில் 5 நிமிடம் முக்கி எடுப்பது உதவும்.

வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணை கலங்கிக் கிடக்கும். கூண்டு மீனும் சரியாகத் தின்னாது. அப்போது பழைய அளவிலேயே தீனி போட்டால் சேறு சீக்கிரம் கறுத்துப்போகும். அறுவடைக்குப் பின் கூண்டை நகர்த்தி, அதே குழாயால் பழைய இடத்தைச் சோதித்துவாருங்கள். மேல்மண் பழுப்பேறி நாற்றம் நின்ற பிறகே அங்கே அடுத்த குஞ்சு விட வேண்டும்.