பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடும் முன்

2025 அக்டோபர் 14-ஓடு வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அப்பா பத்து வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்தும் டெஸ்க்டாப் அதில்தான் ஓடியது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, அதனால் அதை வீசாமல் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினேன்.

முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். இன்டெல் ஐ5-4570 என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 4 என்பது நான்காம் தலைமுறை. வின்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கும். தகுதி இருந்தால் அப்டேட் பக்கத்திலேயே இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். தகுதி இல்லாததில் குறுக்குவழியாக ஏற்றுவதை, வயதானவர்கள் பயன்படுத்தும் கணினி என்றால் நான் செய்யவே மாட்டேன். எங்களுடையது தகுதி பெறவில்லை, அதனால் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றினேன்.

எதை ஏற்றுவதானாலும் அதற்கு முன் கோப்புகளுக்கு ஒரு காப்பி எடுங்கள். படங்கள், கடிதங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நம் வீடுகளில் பலரும் மறப்பது எழுத்துருக்களை. யூனிகோடு பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். முன்பு ஒருமுறை நான் அவசரப்பட்டு டிஸ்க்கை அழித்துவிட்டேன். அப்பா பல வருடமாக எழுதிவைத்த கோயில் சொற்பொழிவுக் குறிப்புகள் அப்படித்தான் திறந்தன, அவர் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு நண்பர் வீட்டுப் பழைய சிடியில் அந்த எழுத்துரு கிடைத்தது. அதனால் சி டிரைவில் வின்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தே காப்பி எடுங்கள்.

அடுத்து ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம், அதை மாற்றாமல் சிஸ்டத்தை மட்டும் மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேளுங்கள், 256 ஜிபி போதும். ராம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்கிக்கொள்ளுங்கள், நான்காம் தலைமுறைப் பெட்டிகளுக்குப் பொதுவாக டிடிஆர்3 வகை ராம்தான் பொருந்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேஸின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டுங்கள், அப்போது எது தவறினாலும் பழைய வின்டோஸ் அப்படியே பத்திரமாக இருக்கும்.

வேறொரு வின்டோஸ் கணினியில் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள், டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழியும். அதைச் செருகி ஆன் செய்ததும் டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி, தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவாமலேயே மின்ட் திறக்கும். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் அங்கேயே சோதியுங்கள், அரசு இணையச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் கியூஆர் ஸ்கேனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் திரையில் உள்ள நிறுவும் ஐகானைத் தட்டி, டிஸ்க்கை அழித்து நிறுவச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது புது எஸ்எஸ்டி மட்டும் என்பதால் பயமில்லை.

அப்புறம் எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து ஏற்றுங்கள். தமிழ் தட்டச்சுக்கு இன்புட் மெத்தட் பகுதியில் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சேருங்கள். வேர்டு கோப்புகள் மின்ட்டோடு வரும் லிப்ரே ஆஃபீஸில் திறக்கும், சில இடங்களில் வரி தள்ளிப் போகலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே மின்கழிவுத் தொட்டியில் போடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி, ஆறு மாதமாவது அலமாரியில் வையுங்கள், அப்பா அதற்குள் ஏதாவது ஒரு கோப்பைக் கேட்பார்.