நரம்பு செல்லில் டௌ புரதத்தைப் பார்ப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பயோடெக்னாலஜி படிக்கும் மாணவர்கள் சிலர் புராஜெக்ட்டுக்காகப் பெங்களூரு ஆய்வகங்களுக்குப் போகிறார்கள். நரம்பு செல் வளர்க்கும் ஆய்வகமாக இருந்தால் டௌ ஆன்டிபாடியை, அதாவது டௌ புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் புரதத்தை, தொடாமல் திரும்ப முடியாது. ஓசூர் பஸ் ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

டௌ, நரம்பு செல்லின் நுண்குழல்களோடு ஒட்டியிருக்கும் புரதம். 1975-ல் கண்டறியப்பட்டது. முதிர்ந்த மனித மூளையில் ஆறு வடிவங்களில் இருக்கிறது. மிக நீளமானதில் 441 அமினோ அமிலங்கள். அல்சைமர் நோயில் இதன் மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறி, செல்லுக்குள் முடிச்சுகளாகத் திரள்கிறது.

முதல் படி: எந்த ஆன்டிபாடி?

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். டௌ-5 என்ற ஆன்டிபாடி, பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டௌவைப் பிடிக்கும். ஏடி8, 202-வது அமினோ அமிலமான செரினிலும் 205-வது அமினோ அமிலமான த்ரியோனினிலும் பாஸ்பேட் ஏறிய டௌவைத்தான் பிடிக்கும். டௌ-1 அதற்கு நேர் எதிர்: கிட்டத்தட்ட அதே இடத்தில் பாஸ்பேட் இல்லாவிட்டால்தான் ஒட்டும். எச்டி7 மனித டௌவுக்கானது. சுண்டெலி செல்லில் போட்டுவிட்டு ஒளி வரவில்லையே என்று காத்திருந்து பயனில்லை. ஆகவே, செல் எந்த விலங்கினுடையது, மொத்த டௌ வேண்டுமா, பாஸ்பேட் ஏறியது மட்டுமா என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் குப்பியைத் தேடலாம்.

இரண்டாம் படி: செல்லை நிலைப்படுத்துதல்

கண்ணாடி வில்லையில் வளர்ந்த செல்களை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வையுங்கள். அது நச்சு, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டில்தான் வேலை. பிபிஎஸ் என்ற பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில் மூன்று முறை மெதுவாகக் கழுவுங்கள். வேகமாக ஊற்றினால் மெல்லிய ஆக்சான்கள் (செல்லிலிருந்து நீளும் நீண்ட இழைகள்) பிய்ந்து போகும். டௌ செல்லுக்குள் இருப்பதால் சவ்வில் துளை வேண்டும்: 0.1 சதவீத ட்ரைட்டான் (ஒரு வகை சோப்பு), 10 நிமிடம். பிறகு, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க 5 சதவீத ஆட்டு சீரத்தில் ஒரு மணி நேரம். டௌவைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி ஆட்டிலிருந்து எடுத்தது என்பதால்தான் ஆட்டு சீரம்.

மூன்றாம் படி: ஆன்டிபாடி

முதல் ஆன்டிபாடியை 1:500 நீர்ப்பில் தொடங்கலாம். குப்பியோடு வரும் தாள் வேறு அளவு சொன்னால் அதன்படி செய்யுங்கள். பாராஃபிலிம் மேல் 50 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, செல் பக்கம் கீழே வரும்படி வில்லையைக் கவிழ்த்துவிடுங்கள். விலை உயர்ந்த பொருள், இப்படிச் செய்தால் கொஞ்சம் போதும். ஈரமான டிஷ்யூ காகிதம் வைத்த பெட்ரி தட்டில் மூடி, 4 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள்.

மறுநாள் கழுவிவிட்டு, பச்சை ஒளி தரும் சுண்டெலி-எதிர் இரண்டாம் ஆன்டிபாடியை இருட்டில் ஒரு மணி நேரம் போடுங்கள்; மேலே சொன்ன டௌ ஆன்டிபாடிகள் சுண்டெலியிலிருந்து வந்தவை. செல்லின் கருவைக் காட்ட டாப்பி என்ற சாயம். கழுவி ஸ்லைடில் ஒட்டுங்கள்.

நான்காம் படி: படத்தை நம்பலாமா?

முதல் ஆன்டிபாடி போடாத ஒரு வில்லை கட்டாயம் வேண்டும். அதிலும் பச்சை தெரிந்தால், மற்ற வில்லையில் தெரிவது டௌ என்று சொல்ல முடியாது. டெண்ட்ரைட்டை (செல்லின் குட்டையான கிளைகளை) காட்டும் மேப்-2 புரதத்துக்கு முயல் ஆன்டிபாடியும், வேறு நிறத்தில் ஒளிரும் முயல்-எதிர் இரண்டாம் ஆன்டிபாடியும் சேர்த்தால் ஆக்சான் எது என்று பிரித்தறியலாம்.

டௌ-1 போட்டு ஆக்சான் மட்டும் ஒளிர்ந்தால், டௌ அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். செல் உடலில் உள்ள டௌவில் பாஸ்பேட் இருந்தால் டௌ-1 அதைப் பார்க்காது. சரி, எப்படிச் சோதிப்பது? ஆன்டிபாடிக்கு முன் ஒரு வில்லையை, பாஸ்பேட்டைக் கழற்றும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதியில் ஊற வையுங்கள். இந்த இடத்தில் பிபிஎஸ் ஆகாது, அதிலுள்ள பாஸ்பேட் நொதியைத் தடுக்கும். ட்ரிஸ் கரைசல் எடுங்கள். நொதி சரியாக வேலை செய்திருந்தால் அந்த வில்லையில் டௌ-1 ஒளி கூடும், ஏடி8 ஒளி மங்கும்.