பழைய ஹெர்பேரியம் ஷீட்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹெர்பேரியம் ஷீட் ஒன்றை, அதாவது உலர்த்திய செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாளை, முதல்முறை பார்க்கிறவர் கண் நேராகச் செடிக்குத்தான் போகும். பழுப்பேறிய இலை, நூலால் தைத்த தண்டு, மூலையில் உதிர்ந்த விதைகளைப் போட்டு மடித்த சிறு காகிதப் பை. செடியை நன்றாகப் பாருங்கள். ஆனால் அந்தத் தாளின் கதை ஓரங்களில் இருக்கிறது. அங்கே ஒட்டிய சீட்டுகளை எழுதியவர் ஒருவர் அல்ல, எழுதிய காலமும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் எழுதியதாக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன.

முதலில் எண். சேகரித்தவர் பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், அது அவர் காட்டில் நின்று கொடுத்த எண் என்றே நினைத்துவிடுகிறோம். இன்றைய ஷீட்டில் அது பெரும்பாலும் சரி. ராபர்ட் வைட்டின் ஷீட்டுகளில் இது ஆளைக் கவிழ்த்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களை மலையாகச் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். 1853ல் இந்தியாவை விட்டுப் போனார். அதற்குப் பத்தாண்டுக்கும் மேல் கழித்து, 1860களின் பிற்பாதியில், அவருடைய சேகரிப்பின் மிகுதிப் பிரதிகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து பல நாடுகளுக்கும் அனுப்பினார்கள். ‘இந்தியத் தீபகற்பம்’ என்று லத்தீனில் அச்சடித்த சீட்டும், அதில் ஓர் எண்ணும் அப்போது வந்தவை. அந்த எண் இனத்துக்கானது. குற்றாலத்தில் ஒரு வருஷம் பறித்ததும் நீலகிரியில் வேறொரு வருஷம் பறித்ததும் ஒரே இனமென்று கருதப்பட்டால், இரண்டுக்கும் ஒரே எண் விழுந்திருக்கும். எண் ஒன்றாக இருக்கிறதே என்று, ஒரு ஷீட்டில் இருக்கும் ஊரை இன்னொரு ஷீட்டுக்குப் பொருத்தினால் இல்லாத வரலாற்றை நாமே எழுதியவர்களாவோம். வைட் கைப்பட எழுதிய சின்னத் துண்டுச் சீட்டு கூடவே ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் சாட்சி.

கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய வாலிச்சின் பட்டியல் எண்களும் இப்படித்தான். அதில் 9,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. ஹெய்ன், ரோட்லர், வைட் என்று பலர் சேர்த்த செடிகள் அதற்குள் வருகின்றன. எண்ணுக்குப் பின்னால், தனித்தனிச் சேகரிப்பைப் பிரித்துக்காட்ட வரும் A, B போன்ற எழுத்தை விட்டுவிட்டு “வாலிச் சேகரித்தது” என்று எழுதினால், உண்மையில் சேகரித்தவர் காணாமல் போவார்.

அடுத்தது ஊர். ‘மெட்ராஸ்’ என்று மட்டும் இருந்தால் அது நகரமாகவும் இருக்கலாம், கஞ்சம் முதல் மலபார் வரை பரந்திருந்த மாகாணமாகவும் இருக்கலாம். ‘புல்னி’ பழனி மலை, ‘கோர்ட்டாலம்’ குற்றாலம். இவற்றை எழுத்துக்கூட்டி வாசித்தே பிடித்துவிடலாம். எளிதில் பிடிபடாதது ‘மலபார்’. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னையிலும் தரங்கம்பாடியிலும் இருந்த ஐரோப்பியர்கள் தமிழைத்தான் ‘மலபார் மொழி’ என்றார்கள். புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன் 1690களில் லண்டனுக்கு அனுப்பிய செடிகளோடு ‘மலபார்’ பெயர்களும் போயின. அவற்றை மலையாளம் என்று வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினால் பாதி புரியும், பாதி புரியாது. தமிழாக உரக்கச் சொல்லிப் பாருங்கள், முந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ இங்கே நின்று சொன்ன சொல் காதில் விழும். இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை.

அந்த ‘யாரோ’வை மறப்பதும் பெரிய தவறுதான். தொகுப்புக்கு ஒரு பெயர் இருப்பதால் ஒருவரே மலையேறினார், பறித்தார், உலர்த்தினார், வரைந்தார் என்று நினைக்கக் கூடாது. வைட்டின் 2,000க்கும் மேற்பட்ட படத் தகடுகளுக்குப் பின்னால் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் கை இருக்கிறது. கோவிந்துவின் பெயரில் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். இன்று அந்தப் பேரினம் ‘டிரோபிடியா’வுக்குள் அடங்கிவிட்டது. பறித்துவந்த கூலி ஆட்களில் பலருக்கு அந்த அளவுக்கும் இடம் கிடைக்கவில்லை. ஷீட்டைப் பற்றி எழுதும்போது “வைட் பறித்தார்” என்பதற்குப் பதில் “வைட்டின் தொகுப்பில் உள்ளது” என்று எழுதுங்கள். உண்மைக்கு அதுவே நெருக்கம்.

சரி, செடியின் பெயருக்கு வருவோம். பழைய பெயரைப் பார்த்ததும் “தப்பாக எழுதியிருக்கிறார்கள்” என்று அடித்துவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 1776ல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ரோட்லர் செடி சேர்த்தார், தமிழ் அகராதியும் தொகுத்தார். கபிலப்பொடி தரும் மரத்துக்கு அவர் பெயரால் ‘ரோட்லெரா டிங்டோரியா’ என்று பெயர் வந்தது. இன்று அது ‘மல்லோடஸ் பிலிப்பென்சிஸ்’. பழைய சீட்டு அப்படியே இருக்கட்டும். புதிய முடிவைத் தனிச் சீட்டில் பெயரும் தேதியும் போட்டுப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தேடும்போதும் பழைய, புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். புதியதை மட்டும் போட்டால் பல ஷீட்டுகள் கண்ணில் படாமலே போகும்.

“பெர்லினில் இருந்தது, போரில் எரிந்துவிட்டது” என்று தேடலை நிறுத்துவதும் அவசரம். 1943 மார்ச்சில் விழுந்த குண்டில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி சாம்பலானது உண்மை. ஆனால் பெர்லின் தாவரவியலாளர் வில்டெனோவின் தொகுப்பு தப்பியது. தரங்கம்பாடியிலிருந்து ரோட்லரும் கிளைனும் அனுப்பிய செடிகள் அதில்தான் இருக்கின்றன. உள்ளூரிலும் பெயரை நம்பி அலைய வேண்டாம். ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ இருப்பது கோயம்புத்தூரில்.

கையாளுவதில் இரண்டு மூன்று விஷயங்கள். புத்தகப் பக்கம் போல ஷீட்டைக் கவிழ்க்கக் கூடாது, கவிழ்த்தால் பூ உதிர்ந்துவிடும். இரண்டு கையாலும் தூக்கி, முகம் மேலே இருக்கும்படியே பக்கத்தில் அடுக்குங்கள். பூச்சிக்காகப் பழைய ஷீட்டுகளில் மெர்குரிக் குளோரைடு பூசுவது வழக்கம், சித்த மருத்துவத்தில் ‘வீரம்’ என்று சொல்வார்களே அதுதான். நச்சுத்தன்மை இன்னும் போயிருக்காது. கையுறை போடுங்கள், மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்ததும் தலையை உள்ளே நீட்டாதீர்கள். தாளில் கரும் திட்டு தெரிந்தால் அழுக்கென்று துடைக்கப் போகாதீர்கள், பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம்.

அப்புறம், வரைபடம். பழைய ஷீட்டுகளின் ஊர்களைப் புள்ளியாக வைத்துவிட்டு, புள்ளி இல்லாத இடத்தில் அந்தச் செடி இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். அன்று சேகரித்தவர்கள் சாலை போன வழியில் போனார்கள், தங்க இடம் கிடைத்த மலையில் தங்கினார்கள். குற்றாலமும் நீலகிரியும் நிறைந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வெற்றாக இருக்கும் இடத்தில் அந்தச் செடியை யாராவது தேடினார்களா என்று பாருங்கள். அதே ஆள் அதே பயணத்தில் அங்கே பறித்த வேறு செடிகள் தொகுப்பில் இருந்தால், அவர் அங்கே போயிருக்கிறார். ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பக்கமே யாரும் போகாமல் இருந்திருக்கலாம்.