கார் சேலுக்கு அடுத்த ஓடர் போடுமுன்: பெரியதா, சின்னதா?

போன வருடம் எது கூடுதலாக விற்றதோ அதையே திரும்ப இறக்குவதுதான் கார் சேல் என்ற வாகனக் கடை வைத்திருப்பவரின் வழக்கம். பெரிய கம்பனிகளே இதில்தான் கையைச் சுட்டுக்கொண்டன. முற்றத்தில் நின்றவற்றில் எது போனது என்பதை மட்டுமே விற்பனைக் கணக்கு சொல்லும். தேடி வந்து கிடைக்காமல் திரும்பிய ஆள் அதில் இல்லை.

அதனால் ஒரு கொப்பி வையுங்கள். வாங்கியவரைவிட வாங்காமல் போனவரைப் பற்றி எழுதுங்கள்: எதைக் கேட்டார், எதில் ஏறிப் பார்த்தார், எதனால் இறங்கினார். சின்ன பிக்கப்புக்கு ஆளில்லை என்று எண்ணி, ஃபோர்ட் 2011இல் பழைய ரேஞ்சரை அமெரிக்காவில் நிறுத்தியது. 2021இல் அதே ஃபோர்டின் சின்ன பிக்கப் மாவெரிக் வந்தபோது அதன் ஹைபிரிட்டுக்கு ஓடர் குவிந்து, 2022 ஜனவரியிலேயே பதிவை மூடவேண்டியதாயிற்று.

“பெரிசா, சின்னனா?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பாதிப்பேர் பெரிசு என்றுதான் சொல்வார்கள். யார் யார் ஏறுவீங்கள், கிழமையில் எத்தனை நாள் ஓடும், மாதம் எவ்வளவு லீசிங் கட்டலாம், பின்னால் என்ன ஏற்றுவீங்கள் என்று கேளுங்கள். கிண்ணியாவிலிருந்து தினமும் திருகோணமலை டவுணுக்கு வேலைக்கு வருபவரும், நிலாவெளியில் அறை வாடகைக்கு விட்டு வெள்ளைக்காரரைப் பெட்டிகளோடு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருபவரும் ஒரே “கார்” என்ற சொல்லைத்தான் சொல்வார்கள்.

பிறகு எண்ணெய்க் கணக்கு. மாதம் 600 கிலோமீற்றர் ஓடுபவருக்கு, லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 40 லீற்றர் வேண்டும்; 9 கிலோமீற்றர் ஓடும் வானுக்கு ஏறத்தாழ 67. அந்த 27 லீற்றர் வித்தியாசத்தை அன்றைய விலையால் பெருக்கிக் காட்டுங்கள். வருடத்தில் நாலைந்து தரம்தான் குடும்பம் முழுக்கப் பயணம் என்றால், அந்த நாட்களுக்கு வான் ஹயருக்குப் பிடிப்பது மலிவு. இதைச் சொல்லும் கடைக்குத்தான் ஆள் திரும்பி வரும்.

நேரில் ஒரு சோதனை செய்யுங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டரையும் 25 கிலோ அரிசி மூட்டையையும் பின்னால் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். டாடா நானோ சின்னதாக இருந்ததில் பிழையில்லை. அதன் பின்கதவு 2015 வரை திறக்கவே திறக்காது. போதாக்குறைக்கு “மிக மலிவான கார்” என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அயலுக்கு முன்னால் அந்தப் பட்டத்தோடு இறங்க யாருக்கு மனம் வரும்? 2018இல் உற்பத்தி நின்றுபோனது.

சனம் கேட்பது பெரும்பாலும் உள்ளே நிறைய இடம், ஆனால் சின்ன எஞ்சின். இலங்கையில் பெற்றோல் வாகனத்துக்கு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் உற்பத்தி வரி. நீளம் 3.3 மீற்றர், அகலம் 1.4 மீற்றர், எஞ்சின் 660 சிசி என்ற யப்பானின் அன்றைய சின்னக் கார் எல்லைக்குள் கூரையை உயர்த்தி, 1993இல் சுசுகி வெகன் ஆர் செய்தது அதைத்தான். சுசுகியின் எவ்ரி வானும் அதே கணக்கு. குழப்பமாக இருந்தால் இந்த வகையில் கூடுதலாக எடுங்கள்.

விலை ஏறின மாதத்தை வைத்து ஓடர் போடாதீர்கள். 2008 நடுப்பகுதியில் அமெரிக்காவில் பெற்றோல் கலனுக்கு 4 டொலரைத் தாண்டியதும் பெரிய வாகனங்களைத் தொட ஆளில்லை. வருடம் முடியுமுன் 2 டொலருக்குக் கீழே இறங்கி, ஆசை திரும்பவும் மாறியது. புது மொடல் ஒன்றை வரைந்து இறக்கக் கம்பனிக்கு வருடங்கள் போகும். உங்களுக்கு ஏலத்தில் எடுத்துக் கப்பலேற்றி வரி கட்டி எடுக்கவே மாதங்கள் போகும். அதற்குள் இங்கே எண்ணெய் விலை எத்தனை தரம் திருத்தப்படுமோ! ஓடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வகையில் போடவேண்டாம்.

கழிவு கொடுத்து விற்றதைக் கொப்பியில் தனியாகக் குறியுங்கள். அது அடுத்த மாத ஆளை இந்த மாதம் இழுத்ததாகவும் இருக்கலாம். அறுபது நாள் நின்ற வண்டிக்கு விலை குறைக்குமுன் பிறேக் டிஸ்க்கைப் பாருங்கள். உப்புவெளிப் பக்கக் கடற்காற்றில் துரு பிடித்திருந்தால், ஓட்டிப் பார்த்தவர் வேண்டாம் என்றது பருமனுக்காக அல்ல, சத்தத்துக்காக.