மசோதா நிறைவேறிவிட்டது, சட்டம் வந்துவிட்டதா? மாநிலச் சட்டச் செய்திகளில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா 2021 செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் என்னை நிறுத்தினார். “நீட் இனிமே கிடையாதாமே தம்பி, டிவியில சொல்லிட்டாங்க. பாப்பாவை கோச்சிங்ல இருந்து நிறுத்திடட்டுமா?” என்று கேட்டார். நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டார். நிறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அடுத்த தவணைக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் அது. “நீட் விலக்கு மசோதா நிறைவேறியது” என்று எல்லாச் சேனலிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்திவிட்டார்.

செய்தியில் பொய் இல்லை. செப்டம்பர் 13 அன்று சட்டப்பேரவையில் அந்த மசோதா நிறைவேறியது உண்மை. பிப்ரவரி ஆரம்பத்தில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 8ஆம் தேதி பேரவை சிறப்பாகக் கூடி மறுபடி நிறைவேற்றியது. அதற்குப் பிறகுதான் அக்கா மகளைத் திரும்பவும் வகுப்புக்கு அனுப்பினார். ஐந்து மாதப் படிப்பு போனது போனதுதான். குடியரசுத் தலைவர் அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் முதல்வர் அறிவித்தபோது, அந்தப் பெண் நர்சிங் மூன்றாம் ஆண்டில் இருந்தாள்.

வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களிடமும் இதே குழப்பத்தைத் தினமும் பார்க்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இல்லை.

“நிறைவேறியது” என்றதும் காரியத்தில் இறங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பேரவையில் நிறைவேறிய மசோதா ஆளுநருக்குப் போகும். அரசியலமைப்பின் 200ஆவது பிரிவுப்படி அவர் ஒப்புதல் தரலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கி வைக்கலாம். ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வந்தால்தான் அது சட்டம். அதுவரை அதன் பெயர் மசோதாதான். அரசு பயன்படுத்தும் ‘சட்டமுன்வடிவு’ என்ற சொல்லிலேயே அது இன்னும் முன்வடிவுதான் என்பது இருக்கிறது.

எந்த மசோதா எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதை அது எதைப் பற்றியது என்று பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் மாநிலங்கள் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் தவிர மற்ற கோர்ட்டுகளின் கட்டணமும் அப்படியே. கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது; 1976இல் வந்த 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதை மத்தியும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. கீழமை நீதிமன்றங்களை அமைக்கும் அதிகாரமும் அதே திருத்தத்தில்தான் பொதுப் பட்டியலுக்குப் போனது. பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் 254ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

நீட் மசோதா நேராக மத்தியச் சட்டத்தோடு மோதியது. மருத்துவச் சேர்க்கைக்கு நாடு முழுவதும் ஒரே நுழைவுத் தேர்வு என்கிறது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். அதனால் டெல்லி வரை போயே தீர வேண்டிய மசோதா அது. 2017 பிப்ரவரி 1 அன்று நிறைவேறிய இரண்டு நீட் மசோதாக்களுக்கும் இதே கதிதான்.

இதன் பக்கத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டை வைத்துப் பாருங்கள். 2020 செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. நீட்டை அது தொடவில்லை. நீட்டில் தேறிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் ஒதுக்கியது. எனவே ஆளுநரின் ஒப்புதலே போதும். அதற்கும் 45 நாள் ஆனது. கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்ததால், அக்டோபர் 29 அன்று அரசு பொறுக்காமல் அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் தந்தார். அந்த வருடமே பிள்ளைகள் அந்த இடங்களில் சேர்ந்தார்கள். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்த படங்களை அப்போது செய்தித்தாளில் பார்த்துக் கண் கலங்கினேன். ஒரே பேரவை, ஒரே மருத்துவச் சேர்க்கை. ஒரு மசோதா சட்டமானது, இன்னொன்று ஆகவில்லை. “நிறைவேறியது” என்ற தலைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆளுநருக்குக் காலக்கெடு உண்டே என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது, காலக்கெடுவும் வகுத்தது. ஆனால் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு நவம்பர் 20 அன்று பதில் சொன்ன ஐந்து நீதிபதி அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது’ என்பதும் கூடாது என்று கருத்துச் சொன்னது. ஆகவே ஏப்ரல் மாதத்துப் பழைய வீடியோவை நம்பி நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

நிறைவேற்றிய அரசே பின்வாங்குவதும் உண்டு. 12 மணி நேர வேலை என்று பேசப்பட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

சட்டத்தின் பெயரில் உள்ள வருடத்தை நம்புவது

வாடகை வீட்டுத் தகராறோடு வருகிறவர்கள் “2017 சட்டம் இருக்குல்ல சார்” என்று ஆரம்பிப்பார்கள். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் பெயரில் 2017தான். நடைமுறைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22. எழுத்து மூலம் ஒப்பந்தம், வாடகை அதிகார அமைப்பில் பதிவு, தனி வாடகை நீதிமன்றம் எல்லாம் அந்த நாளிலிருந்துதான். அதுவரை 1960ஆம் ஆண்டின் பழைய சட்டமே ஓடியது. 2018இல் நடந்ததற்குப் புதுச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் நீளம். பெயரில் 2018, சட்ட எண்ணில் 2019, அதற்கான விதிகள் 2023. பள்ளிக்கு அங்கீகாரம் பற்றிக் கேட்டு மனு எழுதும்போது இந்த மூன்றில் எதைக் குறிப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்த அன்றே எல்லாச் சட்டமும் உயிர் பெறாது. முதல் பிரிவிலேயே, “மாநில அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் தேதியில் நடைமுறைக்கு வரும்” என்று ஒரு வரி இருக்கும். அந்த அறிவிக்கை வராவிட்டால் சட்டம் காகிதத்தோடு நிற்கும். முதலில் தேட வேண்டிய வரி இதுதான்.

கோர்ட் கட்டணத்தில் இந்தத் தேதிக் கணக்கு பையையே பதம் பார்க்கும். 2017 மார்ச் 1 முதல் தமிழ்நாட்டில் பணத் தாவாவுக்கான, அதாவது பணம் கேட்டுப் போடும் வழக்குக்கான கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 10 லட்ச ரூபாய் தாவாவுக்கு 75,000 கட்டியவர் ஒரு பக்கம், 30,000 கட்டியவர் மறுபக்கம். நடுவில் ஒரு தேதிதான். குறையப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததுமே, புரோநோட்டுத் தாவா போட இருந்த ஒருவர் “கொஞ்சம் பொறுப்போம்” என்றார். எங்கள் வக்கீல் நோட்டைக் கையில் வாங்கி, இடையில் ஏதாவது திருப்பிக் கொடுத்ததாகப் பின்னால் வரவு எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தாவா போடுவதற்கான கெடு, எழுதிக் கொடுத்த தேதியிலிருந்து மூன்று வருடம், பிப்ரவரியிலேயே முடிகிறது. கெடு தாண்டினால் கட்டணம் மட்டுமில்லை, கொடுத்த கடனே போய்விடும். நகையை அடகு வைத்துப் பழைய கட்டணத்தைக் கட்டித்தான் தாக்கல் செய்தார். வரப்போகும் சலுகைக்காகக் காத்திருக்கிறவர்கள் காலவரம்பை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விதிகள் வராமலே சட்டம் வேலை செய்யும் என்று நினைப்பது

‘வகுத்துரைக்கப்பட்டவாறு’ என்ற சொல் சட்டத்தில் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். “வகுத்துரைக்கப்பட்ட கட்டணம்”, “வகுத்துரைக்கப்பட்ட படிவம்”, “வகுத்துரைக்கப்பட்ட தரம்.” இதை அரசு பிறகு விதிகளில் சொல்லும் என்பதே இதன் பொருள். விதிகள் வரும்வரை எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு கட்டுவது என்று சட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு நம் ஊர் மருத்துவமனைகளே சாட்சி. தனியார் மருத்துவமனை, கிளினிக், பரிசோதனைக் கூடங்களைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றிவிட்டது. விதிகள் வந்தது 2018இல். 21 வருடம்! அந்த 21 வருடத்தில் ஒரு கிளினிக்கில் என்ன வசதி இருக்க வேண்டும், யார் சோதிக்க வேண்டும் என்று கேட்டுப் போன நோயாளிக்குக் காட்ட எதுவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சட்டம் போட்ட அன்று எல்லோரும் பாராட்டிவிட்டுப் போய்விட்டோம். விதி எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

ராஜஸ்தானில் 2023 மார்ச் 21 அன்று, அவசர சிகிச்சையை முன்பணம் இல்லாமல் தர வேண்டும் என்று நிறைவேறிய சுகாதார உரிமை மசோதாவை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் ஏப்ரல் 4 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரம் என்பது எது, முன்பணம் இல்லாமல் பார்த்த சிகிச்சைக்கு மருத்துவமனைக்குப் பணம் எப்போது, எப்படி வரும் என்பதில்தான் சண்டை. விதிகளில் வர வேண்டிய விஷயங்கள் இவை.

வரைவு விதிகளை அரசிதழில் வெளியிட்டு, இத்தனை நாளுக்குள் ஆட்சேபம், யோசனை சொல்லலாம் என்று கேட்பதும் உண்டு. அந்த நாட்களில் எழுதிப்போட்ட ஒரு பக்கக் கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது.

பி.டி.எஃப். வந்தால் அது சட்டம் என்று எண்ணுவது

வாட்ஸ்அப்பில் அரசு முத்திரையோடு ஒரு பி.டி.எஃப். வரும். ‘தமிழ்நாடு அரசிதழ், சிறப்பு வெளியீடு’ என்று பெரிதாக இருக்கும். அதைக் காட்டி “கெசட்லயே வந்திருச்சு” என்பார்கள். மசோதாவும் அரசிதழில்தான் வரும்! முத்திரைக்குக் கீழே பாருங்கள். பகுதி 4, பிரிவு 1 என்றிருந்தால் மசோதா. பகுதி 4, பிரிவு 2 என்றிருந்தால் சட்டம் அல்லது அவசரச் சட்டம். மசோதா என்றால் சட்டமன்ற மசோதா எண்ணும், கடைசியில் எதற்காகக் கொண்டுவருகிறோம் என்று அமைச்சர் கையெழுத்திட்ட நோக்கக் காரண விளக்கமும் இருக்கும். சட்டம் என்றால் சட்ட எண்ணும், எந்தத் தேதியில் ஒப்புதல் கிடைத்தது என்ற வரியும் இருக்கும். சந்தேகம் வந்தால் பேரவையின் இணையதளத்திலும், எழுதுபொருள் அச்சுத்துறையின் இணையதளத்திலும் தேடலாம். காசு கிடையாது.

நோக்கக் காரண விளக்கத்தை மட்டும் படித்து முடித்துக்கொள்வதும் தவறு. அங்கே எண்ணம்தான் இருக்கும், அதிகாரம் பிரிவுகளில் இருக்கும். நான் மேலே சொன்ன தொழிற்சாலை மசோதா ‘65ஏ’ என்ற ஒரே பிரிவைச் சேர்த்தது. வேலை நேரம் பற்றிய 51, 54 உள்ளிட்ட பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது அது. திருத்த மசோதாவைத் தனியாகப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மூலச் சட்டமான அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, 51 என்றால் வாரத்துக்கு 48 மணி நேரம், 54 என்றால் நாளைக்கு 9 மணி நேரம் என்று பொருத்திப் பார்த்தால்தான் அந்த ஒரு பிரிவின் கனம் தெரியும்.

அவசரச் சட்டத்தை நிரந்தரம் என்று கொள்வது

பேரவை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிப்பது அவசரச் சட்டம்; பேரவை இயற்றிய சட்டத்துக்கு உள்ள அதே வலிமை அதற்கும் உண்டு. ஆனால் பேரவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் தானாகக் காலாவதியாகிவிடும். 2022 அக்டோபரில் வந்த ஆன்லைன் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் நவம்பர் 27 அன்று அப்படித்தான் முடிந்தது. அதற்கான மசோதா அக்டோபர் 19 அன்றே நிறைவேறியும் ஒப்புதல் வரவில்லை. ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. இடைப்பட்ட நாலு மாதத்துக்கு மேல் அந்தத் தடையே இல்லை. பிள்ளை ரம்மியில் பணத்தை விட்டுவிட்டான் என்று அந்த நாட்களில் புகார் எழுத வந்த ஓர் அப்பாவிடம், “சட்டம் நேற்று வரை இருந்தது, இன்று இல்லை” என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் செய்தித்தாளை மடித்துக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். தேதி அக்டோபர் மாதத்தது.