பழைய வீடியோ கேம் வாங்குகிறீர்களா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

ரிச்சி தெருவில் வாங்கிய ‘9999 இன் 1’ கேசட்டோடு வளர்ந்த பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள். 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் இங்கே விற்ற சேகா மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். அன்று எத்தனை வீடுகளில் அதை வாயைத் திறந்து கேட்டிருக்க முடியும்? அப்போது கிடைக்காததை இப்போது தேடி வாங்குகிறார்கள். எனக்கு அதில் மனசார சந்தோஷம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கேசட்டில் ஊதாதே, தூசி படாமல் வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிடைத்த அடாப்டரைச் செருகுவது

தெரிந்த தம்பி ஒருவர் ஜப்பானிலிருந்து ஒரு ஃபேமிகாம் வரவழைத்தார். நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட, வெள்ளையும் மெரூனும் கலந்த அந்த அசல் மிஷின். நம் ஊர் டிவி கேம்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான். பெட்டிகூட மடங்காமல் வந்து சேர்ந்தது.

கூடவே வந்த அடாப்டரில் தட்டைப் பின். நம் பிளக்கில் நுழையாது. கடையில் ஒரு டிராவல் அடாப்டர் வாங்கி அதில் மாட்டி சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அடாப்டர் சூடாகி வாசனை வந்து செத்துவிட்டது. டிராவல் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நூறுக்குச் சுற்றிய காயில் அதைத் தாங்காது.

அதோடு நிறுத்தியிருந்தால் மிஷின் பிழைத்திருக்கும். அவர் அடுத்து செட் டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் செருகினார். முனை கச்சிதமாக உள்ளே போனது. ‘பொருந்துதே அண்ணா, அப்ப சரிதானேன்னு நினைச்சேன்’ என்று பிறகு என்னிடம் சொன்னார். இந்த நினைப்புதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். முனை பொருந்துவதற்கும் மின்சாரம் பொருந்துவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர். முக்கியமாக, முனையின் நடுத் துளை நெகட்டிவாகவும் வெளிச் சுற்று பாசிட்டிவாகவும் இருக்க வேண்டும். இன்று வீட்டில் கிடக்கும் ரவுட்டர், செட் டாப் பாக்ஸ், கேமரா அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில்தான் பாசிட்டிவ். அதைச் செருகினால் மிஷினுக்குள் மின்சாரம் தலைகீழாகப் போகும்.

ஒரே கம்பெனியின் அடாப்டர் என்று நம்பியும் ஏமாறக் கூடாது. ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் மிஷினின் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. என்இஎஸ்ஸுக்குள் ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருப்பதால் அது சமாளித்துவிடும். ஃபேமிகாமில் அது கிடையாது. இரண்டும் நின்டெண்டோ, முனையும் அதே மாதிரி, ஆனால் மாற்றிப் போட்டால் போச்சு. சேகாவும் அப்படித்தான். மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடுவில் நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு நடுவில் பாசிட்டிவ்.

அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே வோல்ட்டைச் சீராக்கும் 7805 என்ற ரெகுலேட்டரும் ஒன்றிரண்டு கபாசிட்டர்களும் மட்டும் போகும். அவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதையும் தாண்டிப் போய்விட்டால் சிபியு அல்லது படம் வரையும் சிப் போகும். அவை நின்டெண்டோவுக்காக ரிக்கோ நிறுவனம் செய்து கொடுத்த சிப்கள், இப்போது தயாரிப்பில் இல்லை. இன்னொரு ஃபேமிகாமிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற நல்ல மிஷின் ஒன்றைக் கொல்ல வேண்டும். தம்பியின் மிஷினில் சிப்தான் போயிருந்தது.

இவ்வளவையும் தடுக்க ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். அடாப்டரைப் பிளக்கில் போட்டு, சிவப்புக் கம்பியின் நுனியை முனையின் நடுத் துளைக்குள் விடுங்கள். கறுப்பை வெளிச் சுற்றில் தொடுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுவில் நெகட்டிவ். ஃபேமிகாமுக்கு அந்தக் குறி வந்தே ஆக வேண்டும். பழைய கனமான அடாப்டர்களில், சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிட நாலைந்து வோல்ட் கூடுதலாகக் காட்டும். அது பழுதல்ல. அடாப்டரில் ஆம்பியர் கூடுதலாக இருந்தாலும் பயமில்லை, மிஷின் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருக்கக் கூடாது.

ஃபேமிகாமுக்கு எதை வாங்குவது? இசைக் கருவிக் கடைக்குப் போய் கிடார் பெடல் அடாப்டர் கேளுங்கள். 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ் என்பது அந்த உலகத்தில் வழக்கமான அளவு. ஒரு ஆம்பியர் தருவதாகப் பார்த்து வாங்கினால் 9 வோல்ட்டிலேயே நன்றாக ஓடும்.

ஜப்பானில் விற்ற பிளேஸ்டேஷன், சேகா சேட்டர்ன் போன்றவற்றில் பவர் சப்ளை மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. பின்புறம் 100 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

டிவியைக் கடைசியில் யோசிப்பது

அசல் ஃபேமிகாமில் ஏவி அவுட்புட் இல்லை, ஆன்டெனா வயர்தான். அது படத்தை அனுப்பும் ஜப்பானிய சேனல்கள் 91, 97 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கின்றன. நம் ஊரில் அங்கே எஃப்எம் ரேடியோ ஓடுகிறது. டிவியில் தேடித் தேடிச் சலித்துவிட்டு ‘மிஷின் டெட்’ என்று விற்றுவிட்டவர்கள் உண்டு. 1993-ல் வந்த ஏவி ஃபேமிகாமை வாங்குங்கள், அல்லது ஏவி வைத்து மாற்றியமைத்த பழையதை வாங்குங்கள்.

எல்இடி டிவியில் போட்டால் இன்னொரு தொல்லை. பழைய மிஷின்கள் கொடுக்கும் 240 வரிப் படத்தைப் பல புது டிவிகள் தவறாகப் புரிந்துகொண்டு இரண்டு ஃபிரேம்களைக் கலந்துவிடும். அடிபட்ட ஹீரோ விட்டுவிட்டு மின்னும்போது கவனியுங்கள்: உருவம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும், அல்லது அந்த நேரம் முழுக்கக் காணாமலே போகும். துப்பாக்கி விளையாட்டுகள் அறவே ஓடாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக வரும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் எதிர்பார்க்கிறது. புது டிவி படத்தை யோசித்துக் காட்டுவதற்குள் அந்தக் கணம் தாண்டிவிடும்.

அதனால் வீட்டில் பழைய குண்டு டிவி இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

அந்த டிவியைத் திறப்பது

திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஐரோப்பிய மிஷினை விலைக்காக வாங்குவது

அவை நொடிக்கு 50 முறை படம் மாறும் 50 ஹெர்ட்ஸ் டிவிகளுக்காகச் செய்தவை, ஜப்பான், அமெரிக்க மிஷின்களுக்கு அது 60. பல விளையாட்டுகள் அதில் ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவாக ஓடும். 1991-ல் வந்த முதல் சோனிக்கை ஐரோப்பிய மெகா டிரைவில் போட்டுப் பாருங்கள், பாட்டே இழுத்துக்கொண்டு வரும். வேகத்துக்காகவே பேர் வாங்கிய விளையாட்டு அது.

லேசரைத் திருகுவது

பிளேஸ்டேஷன் சிடியைப் படிக்கவில்லை என்றால், லென்ஸ் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். திருப்பினால் அன்றைக்கு ஓடும். லேசருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஆயுசும் வேகமாகத் தீரும். முதலில் லென்ஸைத் துடையுங்கள், அது ஓடும் தண்டவாளத்துக்குப் புது கிரீஸ் வையுங்கள். நிறைய மிஷின்கள் அதிலேயே எழுந்துவிடும்.

பேட்டரியில் நேராக சால்டரிங் வைப்பது

சில கேசட்டுகளுக்குள் ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அதில் நேராகச் சூடு வைத்தால் வெடிக்கலாம். தகடு ஒட்டி வரும் சிஆர்2032 தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பழையதைக் கழற்றியதும் கேசட்டில் சேமித்த ஆட்டமெல்லாம் அழிந்துவிடும் என்பதையும், அது யார் ஆடிய ஆட்டம் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். அண்ணன், அக்கா ஆடியதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

‘பவர் லைட் எரியுது’ என்பதை நம்பி வாங்குவது

லைட் எரிந்தால் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான் அர்த்தம். ஒரு கேசட் ஓடும் வீடியோ கேளுங்கள், இரண்டு கன்ட்ரோலர்களின் எல்லா பட்டன்களையும் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அசல் ஃபேமிகாமில் கன்ட்ரோலர்கள் மிஷினோடு சேர்ந்தே இருக்கும், பிடுங்கி வேறு மாட்ட முடியாது. இரண்டாவதில் ஒரு மைக்கும் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

1986-ல் ஃபேமிகாமுக்காக வந்த, விளையாட்டை டிஸ்க்கிலிருந்து படிக்கும் டிஸ்க் சிஸ்டத்தையும் சேர்த்து வாங்குவதாக இருந்தால், ரப்பர் பெல்ட் மாற்றியதா என்று கேளுங்கள். அந்தக் கால பெல்ட்கள் உருகிக் கறுப்புப் பசையாகியிருக்கும், இல்லாவிட்டால் அறுந்திருக்கும். புது பெல்ட் மலிவுதான். ஆனால் மாற்றிய பிறகு டிஸ்க்கைச் சுழற்றும் அச்சை மறுபடி சரியான இடத்தில் நிறுத்த வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே குறைவு. விற்பவரிடமிருந்து தெளிவான பதில் வராவிட்டால், அந்தச் செலவையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.