நண்பரின் ட்ராக்கைக் கேட்டுக் கருத்துச் சொல்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

"அண்ணா, ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று வட்ஸ்அப்பில் ஒரு ட்ராக் வந்து விழும். கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ ஒரு தம்பி, எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் இரவிரவாக இருந்து கட்டிய பாட்டு. நாங்கள் "சூப்பர் தம்பி" என்று போட்டு இரண்டு நெருப்புப் படமும் சேர்த்துவிடுவோம். அன்போடுதான் போடுகிறோம். ஆனால் அதை வைத்து அவரால் ஒரு ஃபேடரைக்கூட (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) அசைக்க முடியாது. மிக்ஸிங் (பாட்டின் ஒலிகளை அளவாகக் கலப்பது) படித்தவர்தான் கருத்துச் சொல்லலாம் என்றில்லை. எந்த நொடியில், எந்த ஒலி, உங்கள் காதில் எப்படி விழுந்தது என்று சொல்ல முடிந்தால் போதும். திருத்துவது அவருடைய வேலை.

படி 1: கோப்பையும் நோக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்

வேவ் கோப்பையோ 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பையோ 'டொக்யுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மாறாமல் வந்து சேரும். ஸ்பீக்கரில் போட்டு ஃபோனால் பிடித்த வீடியோவை வைத்து மிக்ஸைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

பிறகு மூன்று கேள்வி: பாட்டு முடிந்துவிட்டதா, அரைவாசியில் நிற்கிறதா? எங்கே ஒலிக்கப் போகிறது, கலியாண வீட்டு டிஜேயிலா, ஹெட்ஃபோனிலா? எந்தப் பாட்டின் ஒலியை மனதில் வைத்துச் செய்தீர்? அரைவாசியில் நிற்கும் பாட்டுக்கு "ஹைஹட் கொஞ்சம் கூர்" என்று டிரம்ஸின் சிறு தாளத்தட்டைப் பற்றி எழுதுவது வீண். மெட்டும் அமைப்பும் நிற்கிறதா என்பதுதான் அப்போது தேவை.

படி 2: முதல் தடவை நிறுத்தாமல் கேளுங்கள்

ஒரு பாட்டைப் புதிதாகக் கேட்கும் காது உங்களுக்கு ஒரேயொரு முறைதான் கிடைக்கும். செய்தவருக்கோ அது எப்போதோ போய்விட்டது, நூறு தடவை கேட்டிருப்பார். அதனால் திரையைப் பார்க்காமல், நிறுத்தாமல், முழுதாகக் கேளுங்கள். தலை எங்கே தானாக ஆடியது, மனம் எங்கே வேறு நினைவுக்குப் போனது என்ற இரண்டை மட்டும் முடிந்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். மனம் விலகிய இடத்தில் பெரும்பாலும் மிக்ஸ் பிழைத்திருக்காது. ஒரே லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) மாற்றமில்லாமல் அதிக நேரம் ஓடியிருக்கும்.

படி 3: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

சத்தம் கூடிய பாட்டு காதுக்கு நல்ல பாட்டாகவே தோன்றும். அவர் மனதில் வைத்ததாகச் சொன்ன பாட்டு மாஸ்டரிங் என்ற இறுதிச் சீராக்கல் முடிந்து வந்தது, அவருடையதைவிடப் பெரும்பாலும் சத்தமாக இருக்கும். அதைக் குறைத்து இரண்டையும் ஒரே அளவில் வைத்தபின் மாற்றி மாற்றிக் கேளுங்கள். மிக மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு "பேஸ் இல்லை" என்றும் சொல்லிவிடாதீர்கள். சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளைக் காது குறைவாகவே பிடிக்கிறது. பெல் ஆய்வுகூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933 இல் இதை அளந்து காட்டினார்கள்.

லிமிட்டரால் (ஒலியின் உச்சங்களை அடக்கும் கருவி) நசுக்கிச் சத்தம் கூட்டியிருந்தால் ஒரு தகவலைச் சொல்லிவிடுங்கள்: ஸ்பொட்டிஃபை சாதாரண அமைப்பில், ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவைத் தாண்டும் பாட்டைத் தானே குறைத்துவிடும். நசுங்கிய கிக் (பெரிய டிரம்மின் அடி) மட்டும் நசுங்கியபடியே நிற்கும்.

படி 4: கீழிருந்து மேலாகக் கேளுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். புதியவர்களின் மிக்ஸில் பிரச்சினை அதிகம் கிடப்பது கீழ்ப்பகுதியில், அதாவது தாழ்ந்த ஒலிகளில்தான்.

முதலில் கிக்கும் பேஸும். கிக்கின் அடித்தளம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பேஸ் 55 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் நின்றால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடிபடும். உங்கள் காதுக்கு அது எப்படித் தெரியும்? சில கிக் பலமாகவும் சில கிக் காணாமற்போனது போலவும் கேட்கும். அப்படிக் கேட்டால் எந்த இடங்களில் என்று எழுதுங்கள். சைட்செயின் போட்டுக் கிக் விழும்போது பேஸைத் தாழ்த்துவதா, பேஸின் ஸ்வரத்தை மாற்றுவதா என்று அவர் முடிவெடுக்கட்டும்.

அடுத்தது 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. எங்கள் பெடியள் தவில் லூப் சேர்க்க விரும்புவார்கள், எனக்கும் அது மிகப் பிடிக்கும். ஆனால் கோயில் வீதியில் ஃபோனால் பிடித்த தவிலோடு சனத்தின் இரைச்சலும் ஜெனரேட்டர் உறுமலும் சேர்ந்தே வருகின்றன. அதற்கு மேல் பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி), அதற்கு மேல் ரிவேர்ப் (எதிரொலி) என்று அடுக்கினால் எல்லாம் போர்வைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். தவிலின் ஒரு முகமான தொப்பியின் கனத்த அடியும் மறுமுகமான வலந்தலையின் விரல் அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். விரல் அடி மங்கினால் அதைச் சொல்லுங்கள்.

நாதஸ்வரம் இருந்தால் நேர்மாறான சிக்கல். 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை மனிதக் காது மிகக் கூர்மையானது, நாதஸ்வரத்துக்கோ அந்தப் பகுதியில் பலம் நிறைய. குரலும் அங்கேதான் தெளிவு தேடும். சொல் புரியாத இடத்தின் நேரத்தைக் குறியுங்கள். 'ச', 'ஸ' வரும்போது காதில் கீறினால் அதையும் குறியுங்கள்.

கடைசியாக ஃபோன் ஸ்பீக்கரில் ஒருமுறை. அதில் தாழ்ந்த ஒலி வராது, ஆனாலும் பேஸின் மெட்டு ஓரளவுக்காவது தொடர வேண்டும். முற்றாக மறைந்தால் பேஸின் ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள் போதவில்லை, அவற்றைக் கூட்டும் ஸாச்சுரேஷன் கொஞ்சம் உதவும். பிறகு ஃபோன் அமைப்புகளில் மோனோ ஒலியை (இடமும் வலமும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அகலமாகக் கேட்ட சின்தசைசர் ஒலி திடீரென மெலிந்தால், ஒலியை இடவலமாக அகலப்படுத்தும் ஸ்டீரியோ வைடனர் அளவுக்கு மீறியிருக்கும். சப் வூஃபர் பூட்டிய ஓட்டோ கிடைத்தால் அதிலும் கேட்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துப் பேஸைத் தீர்மானிக்காதீர்கள். அங்கே எல்லாப் பாட்டிலும் பேஸ் கூடுதலாகத்தான் கேட்கும்.

படி 5: எழுதுங்கள்

"மிக்ஸ் சரியில்லை, ஈக்யூ பாரும்" என்பது "சூப்பர்" போலவே பயனில்லாதது, அதோடு மனதையும் நோகடிக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"தம்பி, 0:48 இல தவில் நுழையிற இடம் நல்ல வடிவு, அதைத் தொடாதேயும். 1:12 இல இருந்து பேஸ் வந்தாப் பிறகு கிக் எனக்குக் கேக்கேல்லை. ஹெட்ஃபோன், ஃபோன் இரண்டிலும் பாத்தனான். 2:05 இல குரலின்ர கடைசிச் சொல்லுகள் ரிவேர்ப்புக்குள்ள போகுது, வேணுமெண்டு செய்தனீரோ?"

நல்லதையும் நேரத்தோடு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த திருத்தத்தில் அதையே அழித்துவிடுவார். எதில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டுமென்று செய்திருக்கக்கூடியதைக் கேள்வியாகக் கேளுங்கள். கிழிந்த ஒலியும் தெறிக்கும் டிஸ்டோர்ஷனும் சில வகை இசைக்கு உயிர். உங்களுக்குப் பிடிக்காதது வேறு, பிழை வேறு. பிடிக்காததைச் சொல்வதானால் "இது என்ர ரசனை" என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். ஒரு முறைக்கு மூன்று குறை போதும், அவற்றில் அமைப்புப் பற்றியது முதலில், மிக்ஸ் பிறகு.

படி 6: இரண்டாம் வடிவத்தையும் கேளுங்கள்

திருத்திய கோப்பு வந்ததும் பழையதை அழிக்காமல் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து, நீங்கள் குறித்த நேரங்களுக்கு மட்டும் போய்ப் பாருங்கள். பாட்டின் தொடக்கத்தை வெட்டாமல் ஏற்றுமதி செய்யச் சொல்லியிருந்தால் 1:12 இரண்டிலும் 1:12 ஆகவே இருக்கும். கிக் இப்போது கேட்கிறது என்றால் "1:12 சரி" என்று உடனே எழுதி அனுப்புங்கள்.